லெட்சுமி அக்காவின் இரண்டு இடுப்புகள்

ஒரு நாள் காலையில் வெள்ளவத்தையில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. லெட்சுமி அக்காவின் மகள். "டீச்சர், அம்மா போயிட்டாங்க. தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினேன், எழும்பல." எலும்பு முறிவு கிளினிக்கில் அக்காவோடும் என்னோடும் நடந்து பழகிய உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர்.

இடுப்பெலும்பு முறிந்து, நானும் அக்காவும் ஒரே வார்ட்டில் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தோம். எனக்கு எலும்புக்குள் நீண்ட கம்பி ஒன்றைச் செலுத்தினார்கள். அவருக்கு மூட்டின் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். மறுநாளே அவர் எழுந்து நின்றார். எனக்குக் காலை அசைக்கவே உயிர் போனது.

"எனக்கும் அதையே வைச்சிருக்கலாமே டொக்டர்" என்று கேட்டேன்.

முறிந்த இடம் வேறு, அதனால்தான் வைத்ததும் வேறு என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். எனக்கு மனம் ஆறவில்லை. அக்கா தன் கட்டிலிலிருந்து சொன்னார்: "எனக்குத் தாழ உக்காரவே பயம் டீச்சர், பந்து கழண்டுருமாம். ஒங்களுக்கு அந்தப் பயமில்ல. வாங்க, நடப்போம்."

நடந்தோம். வீடு திரும்பிய பின்னும் கிளினிக் நாட்களில் சந்தித்தோம்.

போன வருடம் குளியலறையில் விழுந்து அவருடைய மற்ற இடுப்பும் முறிந்தது. இம்முறை எனக்கு முறிந்த அதே இடம், அதே கம்பி. பார்க்கப் போனபோது சிரித்தார். "இப்ப ரெண்டும் எங்கிட்ட இருக்கு. எது நல்லதுன்னு இனி என்னயத்தான் கேக்கணும்."

"எது அக்கா நல்லது?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு டீச்சர். நான்தான் களைச்சுப் போயிட்டேன்."

எலும்பு பொருந்திவிட்டதாக எக்ஸ்ரே காட்டியது. அக்காவோ சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார். கடைசியாக நான் போனபோது, "எழும்புங்கோ அக்கா, வாசல்வரைக்கும் போவம்" என்றேன். என் கையைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார்.

நடக்கும்போதெல்லாம் அவர் என்னைச் சுவர்ப் பக்கம் விடுவார். "பிடிக்க ஏதாவது வேணுமில்ல ஒங்களுக்கு" என்று தான் வெளிப்பக்கம் வருவார். அவருக்கும் பிடிக்க ஏதாவது தேவைப்பட்டிருக்கும். இப்போது கிளினிக்கில் யாராவது புதிதாக வந்து பயந்து நின்றால், சுவர்ப் பக்கத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு நான் வெளிப்பக்கம் நடக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்த இடம் அது.