கண்ணாடியில் இரண்டு கண்கள்

அந்த ஜீப்பில் டிரைவர் தலைக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. இடது மூலையில் விரிசல் விட்டிருக்கும். அதன் காம்பில் ஒரு பச்சை ரிப்பன் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும். ரிப்பன் என்னுடையது. காம்பின் திருகாணி தேய்ந்துபோய்க் கண்ணாடி எந்நேரமும் தலையாட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் இருப்பவர்கள் தூங்குகிறார்களா, விழுந்துவிட்டார்களா என்றே தெரியவில்லை என்று டிரைவர் அண்ணன் ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு எரிச்சலாகி, சடையிலிருந்து ரிப்பனை உருவி நானே இறுக்கிக் கட்டிவிட்டேன். அதன் பிறகு கண்ணாடி ஆடவில்லை. அவருடைய கண்கள் இரண்டும் அதற்குள் அசையாமல் நின்றன.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்பம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கூடலூரிலிருந்து இருட்டுப் பிரிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பும். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, குமுளிக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வரும். அம்மாவுக்கு மூட்டுவலி வந்து மலையேற முடியாமல் போனதால், பன்னிரண்டாவது முடித்த நான் அவள் இடத்துக்குப் போனேன். எங்கள் ஊரில் பெண்ணைத் தோட்ட வேலைக்கு அனுப்புகிறவர்கள் தோட்டம் எது, முதலாளி யார் என்றெல்லாம் விசாரிக்க மாட்டார்கள். எந்த டிரைவர் என்றுதான் கேட்பார்கள். டிரைவர் அண்ணன் பேரைச் சொன்னதும் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. "அவுக வண்டின்னா தூங்கிக்கிட்டே போயிட்டு வரலாம்" என்றாள்.

உண்மையாகவே நாங்கள் தூங்கினோம். பதினைந்து பதினாறு பேர், மடியில் தூக்குச்சட்டி, ஒருவர் தோளில் ஒருவர் தலை. லோயர் கேம்பில் மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படும்வரை பேச்சிருக்கும். அதற்குமேல் முதல் வளைவு வந்ததும் ஒவ்வொரு தலையாகச் சாயும். "தூங்குங்க ஆத்தா, நான் பாத்துக்கிறேன்" என்பார் டிரைவர் அண்ணன். தினமும் அதே இடத்தில், அதே வார்த்தை. படுதாவைத் தாங்கும் இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில்தான் என் இடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தூக்கத்தில் அதில் இடித்து நெற்றி புடைத்துப்போயிற்று. மறுநாள் பார்த்தால் அந்தக் கம்பியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்.

படப்பிடிப்பு எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. ஓடையைக் கண்டால் பாட்டு எடுப்பார்கள், தோப்பைக் கண்டால் சண்டை எடுப்பார்கள். அந்த முறை வந்தவர்களுக்கு மலைப்பாதையும் ஒரு ஜீப்பும் வேண்டியிருந்தது. டிரைவராக நடித்தவருக்கு மேட்டில் வண்டி ஓட்டத் தெரியவில்லை. இரண்டு வளைவிலேயே வெலவெலத்துப் போய் இறங்கிவிட்டார். வெளியே நிற்கும்போது அவர் முகம், வண்டி ஓடும்போது எங்கள் ஜீப்பின் கண்ணாடியில் எங்கள் டிரைவர் அண்ணனின் கண்கள் என்று டைரக்டர் முடிவு செய்தார். பின்சீட்டில் தூங்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். கதாநாயகியின் சடை நீளம் எனக்கும் இருந்ததால் கங்காணி அக்கா என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். எங்கள் ஆட்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவள் சொன்னால் சொன்னதுதான். என் தோளுக்குப் பின்னால் கேமரா. டிரைவர் அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது, எப்படிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "தினமும் எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே பாருங்க, போதும்" என்றார் டைரக்டர். விடியற்காலையிலிருந்து காத்திருந்த அலுப்பில் நான் நடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை, நிஜமாகவே தூங்கிப்போனேன். நான் சாய்ந்ததும் அவர் வழக்கம்போல் சொன்ன வார்த்தை டைரக்டருக்குப் பிடித்துப்போய், அதையும் வசனத்தில் எழுதிக்கொண்டார்களாம்.

படம் கம்பத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் எல்லோரையும் மதியக் காட்சிக்கு அவரே ஜீப்பில் கூட்டிப்போனார். வெள்ளைச் சட்டை, விபூதிப் பட்டை, மாப்பிள்ளைக் களை. கதை என்னவென்று அவருக்கும் தெரியாது. முதல் தடவை அந்தக் கண்கள் திரை முழுக்க வந்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை வந்தபோது அந்தப் படத்தில் ஒரு பெண் காணாமல் போயிருந்தாள். மூன்றாம் தடவை வயலினை ஒற்றை இழையாக, நிறுத்தாமல் இழுத்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து கண்கள் மெல்ல மேலே வந்தன. வேறு யாருடைய குரலோ, அவர் தினமும் சொல்லும் வார்த்தையைத் தாழ்ந்த தொண்டையில் சொன்னது. அந்த டிரைவரை நம்பி ஜீப்பில் தூங்குகிற பெண் திரும்பி வருவதில்லை, அதுதான் கதை. தூங்குகிற அந்தத் தலை என் தலை. என் சடை, என் தோள், என் ரிப்பன். கங்காணி அக்கா என் கையை எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை, வெளியே வந்தபோது மணிக்கட்டில் நகம் பதிந்திருந்தது.

திரும்பும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. படம் எப்படி என்று டிரைவர் அண்ணன் கேட்டார். "நல்லாத்தேன் இருந்துச்சு" என்றாள் கங்காணி அக்கா, வெளியே பார்த்துக்கொண்டே. அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். எத்தனையோ நாள் பார்த்த பார்வைதான், ஒரு மயிரிழை மாறவில்லை. எனக்கோ அந்த வயலின் கேட்டது. என்ஜின் சத்தத்துக்கு அடியில், தெளிவாக. அடுத்திருந்தவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

மறுநாள் முதல் அந்த ஜீப்பில் யாரும் தூங்கவில்லை. இதை யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கண்கள் எரிய எரிய விழித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு போனோம். முன்சீட்டுக்கு எப்போதும் அடிதடி நடக்கும், இப்போது காலியாகக் கிடந்தது. கேபிள்காரர்கள் அந்தப் படத்தை விடாமல் போட்டார்கள். நம்ம ஊர் மலை வருகிறதென்று சனமும் விடாமல் பார்த்தது. ஒரு மாதத்துக்குள் கதை திரையைவிட்டு இறங்கிவிட்டது. இது நிஜமாகவே இங்கே நடந்தது, அதனால்தான் இங்கேயே வந்து எடுத்தார்கள் என்றார்கள். எந்த வளைவில் என்று கைநீட்டிக் காட்டவும் ஆள் இருந்தது. வேறொரு தோட்டத்தில் கோபித்துக்கொண்டு போடியிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போன ஒருத்தியை, அவள் நல்லபடியாகத் திரும்பி வந்த பிறகும், காணாமல் போனவளாகவே சொன்னார்கள்.

டிரைவர் அண்ணனுக்குப் புரிய நாளாயிற்று. முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு அந்த வார்த்தையைச் சொல்வதை நிறுத்தினார். முதல் வளைவு வந்ததும் வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். ஆட்கள் ஒவ்வொருவராக வேறு வண்டிக்கு மாறினார்கள். ஒருநாள் பார்த்தால் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவைத்திருந்தார். பெண்பிள்ளைகள் கூசுகிறார்களே என்றுதான் செய்தார். அதற்கும் எங்கள் கூட்டத்தில், "பாக்குறது தெரியக் கூடாதுன்னு திருப்பி வச்சிருக்காக" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். நான் மறுக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இங்கே ஒளிப்பதில் பயனில்லை.

தோட்டத்தில் எனக்குக் காய்ச்சல் கண்ட நாளைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மதியத்துக்குள் நிற்க முடியாமல் போயிற்று. என்னை வீட்டில் விட்டுவரும்படி கங்காணி அக்கா டிரைவர் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள். நான் மட்டும். பட்டப்பகல்தான், ஆனால் குமுளி தாண்டியதும் மஞ்சு இறங்கிவிட்டது. பனியை மலையாளத்துக்காரர்கள் மாதிரி நாங்களும் மஞ்சு என்றுதான் சொல்வோம். முன்னால் வந்து உட்காரச் சொன்னார், பின்னால் குலுங்கும் என்றார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டிலேயே இருந்தேன். பத்தடிக்கு மேல் பாதை இல்லை. மரங்கள் அருகில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயின. காய்ச்சலில் என் பல் கிடுகிடுக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

அவர் கை மேலே போனது. கூரையைப் பார்த்திருந்த கண்ணாடியைப் பிடித்து, மெதுவாகக் கீழே திருப்பினார். கிறீச்சென்று ஒரு சத்தம். பச்சை ரிப்பனுக்குக் கீழே கண்கள் இரண்டும் வந்து நின்றன. எத்தனையோ வாரங்களாகச் சொல்லாமல் இருந்ததைச் சொன்னார்.

"தூங்கு ஆத்தா, நான் பாத்துக்கிறேன்."

அடுத்த வளைவில் வண்டி வேகம் குறைந்ததும் நான் குதித்துவிட்டேன்.

வலது முழங்கை உடைந்தது. எதிரே மேலேறி வந்த வேறொரு ஜீப்பின் ஆட்கள்தான் என்னைப் பார்த்தார்கள். நான் தார் ரோட்டில் உட்கார்ந்து அழுகிறேன், அவர் நாலடி தள்ளி, கிட்டே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். என்ன செய்தான் என்று கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டபோது, "கண்ணாடியில பாத்தாக" என்று சொன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான். அது பொய்யுமில்லை. சாயங்காலம் கூடலூர் ஜீப் ஸ்டாண்டுக்கு அது போய்ச் சேர்ந்தபோது என்னவாக மாறியிருந்தது என்பதை நான் நேரில் கேட்கவில்லை. அவருடைய சட்டையைக் கிழித்தார்கள் என்றும், அவர் ஒரு கையைக்கூட ஓங்கவில்லை என்றும் பிறகு சொன்னார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கைக்கட்டுக்குக் கீழே தலையணையை நகர்த்திவைத்தாள். "இப்பப் போயிச் சொன்னா ஒன்னயத்தேன் கேவலமாப் பேசுவாக. பேசாம இரு" என்றாள். பேசாமல் இருந்தேன். அம்மாவைக் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் பலதடவை பார்த்திருக்கிறேன், முடிந்ததில்லை. எனக்கு வாய் இருந்தது. அவர் ஜீப்பை விற்றுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கல்யாணமாகி, கைக்குழந்தையோடு ஒருமுறை லோயர் கேம்பில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைப் பார்த்தேன். சரக்கு லாரி ஒன்றை ஓரங்கட்டி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "அண்ணே" என்றேன். குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் நிமிரவில்லை. அன்றைக்கு நடந்ததை நான் ஆரம்பித்ததும், "விடு ஆத்தா. கை சேந்துருச்சா?" என்று என் செருப்பைப் பார்த்துக் கேட்டார். சேர்ந்துவிட்டது என்றேன். குழந்தையைக் காட்டினேன். அதன் பாதத்தை மட்டும் பார்த்துச் சிரித்தார். லாரி எப்படி இருக்கிறது என்று எதையாவது கேட்கவேண்டுமே என்று கேட்டேன். "இதுதேன் தோதா இருக்கு. பின்னாடி ஆளுக இல்ல, மூட்டைகதேன்" என்றார். வண்டி மலையேறும்வரை நின்றேன். கடைசிவரை அவர் கண்களை நான் பார்க்கவே இல்லை.

இப்போது தேனியில் இருக்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் அந்தப் படம் ஓடியது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், என் மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். வயலின் ஆரம்பித்ததும் என் முழங்கை வலித்தது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன். படத்தை மாற்றத்தான் நினைத்தேன், விரல் நகரவில்லை.

சத்தமில்லாமல் அந்தக் காட்சியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். விரிசல் விட்ட கண்ணாடி, பச்சை ரிப்பன். ஓரத்தில் மங்கலாக என் தலை. கண்கள் மேலே வருகின்றன. ஆனால் என் முகத்தில் நிற்கவில்லை. ஒரு நூல் அளவு விலகி என் தலைக்குப் பக்கத்துக்குப் போகின்றன. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், டியூப் சுற்றிய கம்பி. என் தலைக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடமிருக்கிறது என்று அளக்கிறார். வளைவு வருகிறது. அவருடைய இடது தோள் இறங்குகிறது, கியரை மாற்றி வேகத்தைக் குறைக்கிறார். என் தலை மெதுவாகச் சாய்ந்து, கம்பியில் இடிக்காமல் திரும்ப வருகிறது. அதைப் பார்த்த பிறகே கண்கள் பாதைக்குத் திரும்புகின்றன. நான் குதித்த அன்றும் இதற்காகத்தான் வேகத்தைக் குறைத்திருக்கிறார்.

"சத்தம் வையும்மா" என்றாள் மகள். "இப்பப் பயமே வரல. அந்த ஆளு சும்மா வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு."

"ஆமா தங்கம்" என்றேன். "சும்மா வண்டிதான் ஓட்டுனாக."

இதை நான் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. கேட்பதற்கு இருந்தது ஒரு சின்னப் பிள்ளை. அவள் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, சத்தத்தை வைத்துக்கொண்டாள்.