ஜெயலெட்சுமி தைத்த பார்சல்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் பார்சல் வேறு, பேக்கேஜ் வேறு என்பதை என்னைப் போலப் பிரித்துச் சொல்ல லெபோ பாசார் கடைத்தெருவில் எந்தப் பட்டதாரியும் கிடையாது. ஒருவர் தன் கையால் சுற்றிக் கட்டி, இன்னார் கைக்கு என்று அனுப்புவது பார்சல். கடையில் நாங்களே பல சாமான்களைப் பெட்டியில் அடுக்கி அனுப்புவது பேக்கேஜ். பேக்கேஜை நாங்கள் பிரிக்கலாம், மாற்றி அடுக்கலாம். பார்சலில் எங்கள் கத்தி படக்கூடாது. ஒற்றை மேசையோடு கடல் தாண்டி ஊருக்குச் சாமான் அனுப்பத் தொடங்கியவன், இன்று மூன்று கடைவாசலுக்கு முதலாளி. அந்த ஒரு விதிதான் காரணம்.

அந்த விதியைக் காப்பாற்றியது ஜெயலெட்சுமியின் கை. புருஷன் போன பிறகு என்னிடம் வேலைக்கு வந்தவள், இருபத்திரண்டு வருடம் காடாத்துணியில் பார்சல் தைத்தாள். ஒவ்வொரு மூலையிலும் மூன்று முடிச்சு போடுவாள். வேறு யாருக்கும் அது வராது. மகள் ஷர்மினி அந்தத் தையல் மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் பாடம் எழுதி வளர்ந்தாள்.

ஷர்மினி சிம்பாங் அம்பாட் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனாள். அங்கே வேலை பெர்மிட்டில் வந்திருந்த துறையூர்ப் பையனோடு அவன் ஊருக்கே போய்விட்டாள். தாய் பேச்சை நிறுத்தினாள். நான் சும்மா இருக்கவில்லை. போன் போட்டு, "ஒங்கம்மாவ நான்தான் இத்தன வருஷம் காப்பாத்துனேன், தெரியும்லா?" என்று நன்றாகக் கேட்டேன். அத்தோடு அவள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள்.

ஒன்பது வருடம் போனது. போன தைப்பூசம் முடிந்த வாரம், ஜெயலெட்சுமி ஒரு பார்சலை என் முன்னால் வைத்தாள். பேத்திக்குத் தைத்த இரண்டு கவுனும் ஒரு மைலோ டின்னும் உள்ளே. புற்றுநோய் அவளை அதற்குள் பாதி ஆளாக்கியிருந்தது.

"அனுப்புறவங்க பேரு எழுதலியே?" என்றேன்.

"வேணாம்ணே. என் தையலப் பார்த்தா அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் வாங்குனா, என்னை மன்னிச்சிட்டான்னு அர்த்தம்."

அவள் வீட்டுக்குப் போனதும் எனக்குப் பெருமை தலைக்கு ஏறியது. இத்தனை வருடம் உழைத்தவளின் சாமான் வெறும் துணிமூட்டையாகவா போவது? நானே கத்தியை எடுத்தேன். நூலை அறுத்தேன். புது அட்டைப்பெட்டியில் கவுனை அடுக்கி, கம்பளியும் பிஸ்கட்டும் என் செலவில் சேர்த்து, கடைப் பெயரைப் பெரிதாக ஒட்டி அனுப்பினேன்.

மூன்றாம் வாரம் பெட்டி பிரிக்காமலே திரும்பியது. கொண்டுபோன ஆள் போனில் சொன்னான்: "முதலாளி அனுப்புனது எனக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க சார்."

ஜெயலெட்சுமி அப்போது ஆஸ்பத்திரியில். பார்க்கப் போனேன். பெட்டி திரும்பியதை மட்டும் சொன்னேன்.

"தையலப் பார்த்துமாண்ணே?"

நூலை அறுத்தது நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. யாரிடமும் தலைகுனியாமல் வாழ்ந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். விடிந்தபோது அவள் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஷர்மினி மகளோடு வந்தாள். கடைக்கு வந்து, காலியாகக் கிடந்த தையல் மேசையைத் தடவியபடி நின்றாள்.

"ஊர் பூராவுக்கும் தச்சுக் குடுத்தாங்க, அங்கிள். எனக்கு ஒரு பார்சல் அனுப்பணும்னு தோணல பாத்தீங்களா?"

கல்லாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்த, அவள் பெயர் எழுதிய காடாத்துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மூலை முடிச்சில் அவள் விரல் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று.

"யாரு வெட்டுனது?"

"நாந்தாம்மா."

அவள் துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தரையில், அந்த மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.