வேலி தாண்டியவர்

பாகூர் போகும் வழியில், மழையைத் திட்டிக்கொண்டே ஒரு டீக்கடையில் ஒதுங்குகிறேன். பெஞ்சில் நான்கு நண்பர்கள், நேற்று சேர்ந்து போய்ப் பார்த்த பைக் ரேஸைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அங்கேயும் மழையாம். முதலில் வந்த வண்டி வளைவில் சறுக்கி விழுந்ததாம்.

"உடனே இவன் வேலியத் தாண்டி ஓடிட்டான் சார், வண்டியத் தூக்க!" சிவப்புச் சட்டைக்காரர், பக்கத்தில் இருக்கும் சேகர் என்ற நண்பரைக் காட்டி என்னிடம் முறையிடுகிறார். "எங்க எல்லாரையும் வெளிய தள்ளிட்டாங்க. கடைசி லேப்பப் பாக்கவே இல்ல. ரேஸ்ல போயி எவனாச்சும் தூக்குவானா?"

சேகர் டீயை ஊதுகிறார். "இன்னா சார் பண்றது? அத்தன பேரும் செல்லத் தூக்கிப் படம் புடிக்கிறான். ஒருத்தனும் வண்டியத் தூக்கல. எனக்குக் கால் தானா ஓடிடுச்சி."

அந்த நேரம் பார்த்து, கடைக்கு எதிரே சேற்றில் ஒரு மொபெட் சறுக்குகிறது. ஓட்டிவந்தவர் புல்லுக்கட்டோடு விழுகிறார். டீ கிளாஸை என் கையில் திணித்துவிட்டு முதல் ஆளாக ஓடுகிறார் சிவப்புச் சட்டைக்காரர்.

பின்னாலேயே ஓடிக்கொண்டு சேகர் கத்துகிறார்: "டேய், உள்ள போவாதடா! ரேஸ் நடக்குது!"