ஐஸ் வாளிக்கு ஒரு குடை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்துவிட்டால் வாய் முதலில் பேசிவிடும். என்ன பேசினோம் என்பது எனக்குப் பிறகுதான் உறைக்கும். அப்படித்தான் ஒருநாள் என் நாத்தனாரைப் பார்த்து, "ஒன் சீக்குக்குன்னே இந்த வீட்ட நடத்த வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே சீனி வருத்தக்காரி அவள். இன்சுலின் போடாமல் ஒருநாளும் இருக்க முடியாது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. என் கணவருக்குக் கொழும்பில் வேலை. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பரா வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் ஊமையாக இருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்து, மரம் விழுந்து, கரண்ட் கம்பி அறுந்தது. மூன்று நாளாகியும் கரண்ட் வரவில்லை. ஃபிரிஜ் சும்மா ஒரு அலுமாரியாக நின்றது. மழை ஓயாத எங்கள் பக்கத்தில் அந்த வாரம் வெயில் கொளுத்தியது. தகரக் கூரைக்குக் கீழே இருக்க முடியவில்லை. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூன்று வாரம். அதுவரைக்கும் அவளிடம் இருந்தது இரண்டே குப்பி. சூடு பட்டால் மருந்து கெட்டுப்போகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அவள் அவற்றைக் கிண்ணத்தில் வைத்து, தண்ணீர்ச் சட்டிக்குள் மிதக்கவிட்டு, பக்கத்திலேயே குந்தியிருந்தாள். தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. என்னிடம் அவள் ஓர் உதவி கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு வலித்தது.

மூடி போட்ட வாளியை எடுத்துக்கொண்டு கலவானை டவுனுக்கு பஸ் ஏறினேன். மீன் கடையில் ஐஸ் கேட்டதும் முதலாளி சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார். "கெதர யனகொட வதுர வெனவா, நங்கி." வீட்டுக்குப் போவதற்குள் தண்ணீராகிவிடுமாம்.

"மம பலாகன்னம்" என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முறைப்பாகத்தான் சொன்னேன்.

மழையில் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுவோமே, கறுப்புப் படங்கு, அதைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். விறகோ, அரிசியோ, எதைக் காப்பாற்றவும் எங்களுக்குப் படங்குதான். வாளியை அதனால் இறுக்கிச் சுற்றி, மேலே கயிறு போட்டுக் கட்டிவிட்டு, பெரிய கெட்டிக்காரி போல பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் தோட்டத்துக்கு இரண்டு மைல்கட்டை நடை. முன்பு வழி முழுக்க ரப்பர் மரத்து நிழல் இருக்கும். புதுக்கன்று வைப்பதற்காக மரங்களையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். மலை மொட்டையாகக் கிடந்தது. ஒரு கையில் வாளி, மறு கையில் குடை. காட்டுப் பக்கமிருந்து காற்று ஜில்லென்று வீசியது. இந்தக் காற்றுக்கு ஐஸ் எங்கே கரையப்போகிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பாதி வழியில் கால் நனைந்தது. வாளியின் அடியில் இருந்த பழைய கீறல் வழியாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே வைத்து அவிழ்க்கப் போனால் படங்கு சுட்டது. தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். காற்று குளிர்கிறது, படங்கு எப்படிச் சுடும்? வெயில் காற்றைச் சூடாக்கித்தான் நம்மைச் சுடுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. வெயில் யாரையும் கேட்காமல் வானத்திலிருந்து நேராக வந்து இறங்குகிறது. வந்த வெயிலையெல்லாம் கறுப்புப் படங்கு குடித்து, வாளிக்குள் சூடாக இறக்கிக்கொண்டிருந்தது. மழையைத் தடுத்தது வெயிலையும் தடுக்கும் என்று நம்பியது என் முட்டாள்தனம். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது. குடை முழுக்க என் தலைக்கு மேலே இருந்தது. அவளுடைய ஐஸ் வெயிலில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

படங்கை உருவித் தோளில் போட்டேன். குடையைத் தாழ்த்தி வாளிக்குப் பிடித்தேன். மீதி வழி முழுக்க வெயிலை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே, ஓட்டமும் நடையுமாக ஏறினேன். ஒழுக்கு குறைந்தது தெரிந்தது. ஆனாலும் வாளி லேசாகிக்கொண்டே போனதில் எனக்கு அழுகை வந்தது.

அவள் வாசலில் நின்றாள். வாளியை இடுப்போடு அணைத்து அதற்குக் குடை பிடித்து வந்த என்னை, விழுந்துவிடுவேனோ என்பது போலப் பார்த்தாள். மூடியைத் திறந்தோம். தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி மிச்சம் இருந்தது. அவள் குப்பிகளைத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஐஸ் பக்கத்தில் வைத்தாள். பிறகு கட்டியின் ஓரத்தில் கத்தியால் ஒரு தட்டுத் தட்டினாள். உடைந்த துண்டை எடுத்து என் பிடரியில் வைத்தாள்.

"வேணாம், மருந்துக்கு வை" என்றேன்.

"மருந்துக்குப் போதும். சும்மா இருங்க." பிறகு அவள் உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "தெனமும் தலையில கொழுந்துக் கூடைய சொமக்கிறீங்க. வாளியயும் தலையில வச்சிருந்தா ஒரே கொடையில ரெண்டுக்கும் நெழலுதானே, அண்ணி?"

ஒரு மாதம் கழித்து அவள் என்னை அண்ணி என்று கூப்பிட்டாள். பிடரியிலிருந்து ஐஸ் தண்ணீர் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. அது கரைந்து முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.