இடது முட்டியில் கிரீஸ்

அந்த லிஃப்ட் கம்பெனியில் நூற்றுப் பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். ஆனால் எங்கேயாவது லிஃப்ட் நின்றுபோனால் எல்லோரும் கூப்பிட்டது ஒரே ஒருவரைத்தான். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி முதலாளி முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் "தீயணைப்பு". முகத்துக்கு நேரே என்றால் ஒரு "சார்" சேர்த்துக்கொள்வார்கள். யாராவது மறந்துபோய் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்.

இருபத்தாறு வருஷமாகச் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்ததும் அவருக்குப் போன் வரும். "பாத்தியா, நான் இல்லாட்டி இந்தக் கம்பெனி ஒரு நாள் ஓடாது" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டே எழுந்து கை கழுவுவார். கேட்பதற்கு அலுப்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்கப் போன் வராவிட்டால் அதை எடுத்துக் குலுக்கிப் பார்க்கிற ஆள் அவர். மூன்று முறை கடற்கரை ஊருக்குப் போகப் பயணச்சீட்டு வாங்கி, மூன்று முறையும் ஏதோ ஒரு லிஃப்ட் நின்று, மனைவி மட்டும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது முறை அவளுக்கே அது பழகிவிட்டது. பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் புத்தகம் படித்தாளாம். பள்ளிக்கூட நூலகர் அவள்.

அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. கம்பெனியின் பழைய மாடல் லிஃப்ட்களில் வெளிக்கதவு சில சமயம் கீழே அது ஓடுகிற பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். சாவி போட்டுப் பூட்டைத் திறந்தாலும் கதவு அசையாது. இரண்டு ஆள் இழுத்தாலும் வராது. அப்போது இடது முழங்காலால் கதவின் கீழ்ப்பகுதியை உள்ளே ஓர் அழுத்து அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். வெண்ணெய் மாதிரி வரும். இதை அவர் தானாகக் கண்டுபிடித்தார், யாருக்கும் சொல்லவில்லை. கதவுக்குப் பக்கத்தில் போனதும் கூட இருக்கும் மெக்கானிக்குகளிடம், "மேல போய் மெயின் சுவிட்ச் ஆஃப்ல இருக்கான்னு இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க" என்பார். அவர்கள் திரும்பி வருவதற்குள் கதவு திறந்திருக்கும். உள்ளே மாட்டியவர்கள் கும்பிடாத குறையாக வெளியே வருவார்கள். இவர் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நிற்பார்.

துவைக்கிற மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஊர்ல வேலை செய்றவங்களுக்குக் கை அழுக்காகும். உங்களுக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் இடது முட்டியில கிரீஸ். அப்படி என்னதான் வேலையோ!" என்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இப்படி ராஜாவாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் லெவல் என்கிற பேச்சு கம்பெனிக்குள் நுழைந்தது. பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். பதினாறு லிஃப்ட். ஒரு கம்பெனி எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அளக்க, 'முதிர்ச்சி மாதிரி' என்று ஏதோ ஓர் ஏணி இருக்கிறதாம், அதற்கு ஐந்து படிகளாம். மூன்றாவது லெவல் இல்லாத கம்பெனி அந்த வேலைக்கு விண்ணப்பமே போட முடியாதாம். முதலாளி தரப் பிரிவுக்கென்று ஒரு பெண்மணியை வேலைக்கு எடுத்தார். நாளுக்கு நாற்பது முறை லெவல் லெவல் என்று சொன்னதால், மூன்றாம் நாளே அவர் "லெவல் மேடம்" ஆகிவிட்டார்.

லெவல் மேடம் பலகையில் படம் போட்டுப் பொறுமையாகத்தான் விளக்கினார். வேலை எப்படியோ நடந்துவிடுகிறது, எப்படி என்று யாருக்கும் தெரியாது என்றால் அது முதல் லெவல். ஒவ்வொரு வேலையையும் திட்டம் போட்டுச் செய்து, நடந்ததைக் குறித்து வைத்தால் இரண்டு. நல்ல முறை எதுவோ அதைக் கம்பெனி முழுக்கப் பொதுவாக எழுதிவைத்து, யார் வந்தாலும் அதைப் பார்த்துச் செய்ய முடிந்தால் மூன்று. நான்கும் ஐந்தும் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம் என்றார். யாரும் கவலைப்படுவதாக இல்லை.

முன்னோட்டமாக ஒரு சோதனை நடந்தது. வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பைச் செலவு செய்யாத முகம். இரண்டு நாள் எல்லோரையும் கேள்வி கேட்டார். லிஃப்ட் நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, நூற்றுப் பத்தில் நூற்றொன்பது பேர் "தீயணைப்பு சாரைக் கூப்பிடுவோம்" என்றார்கள். நூற்றுப் பத்தாவது ஆளான தீயணைப்பு, "போவேன்" என்றார். கடைசியில் மதிப்பீட்டாளர் எல்லோர் முன்னிலையிலும் அறிக்கையை வாசித்தார். "இந்த நிறுவனத்தில் ஒரே ஒரு செயல்முறைதான் இருக்கிறது. அதற்கு வயது ஐம்பத்து மூன்று."

தீயணைப்புக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கேக் வாங்கினார். மனைவி ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"என்னங்க, எந்த லெவல் குடுத்தாங்க?"

"ஒண்ணு. முதல் இடம்!"

"அது முதல் இடம் இல்லைங்க. அடி இடம். நீங்க ஒருத்தர் இருக்கறதாலதான் கம்பெனி மேல ஏற முடியலன்னு எழுதியிருக்காங்க."

அவர் கேக் டப்பாவை மூடினார். அன்று முழுக்கத் திறக்கவில்லை.

அடுத்த ஆறு வாரம் அவருக்குத் தண்டனைக் காலம். லெவல் மேடம் மடிக்கணினியோடு எதிரே உட்கார்ந்து, அவர் தலைக்குள் இருப்பதையெல்லாம் எழுதி எடுக்க ஆரம்பித்தார்.

"முதல்ல என்ன பண்ணுவீங்க சார்?"

"சத்தத்தைக் கேப்பேன்."

"என்ன சத்தம்?"

"அது கேட்டாத்தாம்மா தெரியும்."

லெவல் மேடம் பெருமூச்சு விட்டுவிட்டு, "சத்தம் கேட்கவும்" என்று தட்டினார். பிறகு மூன்று நாள் அவரோடு மெஷின் ரூம் மெஷின் ரூமாக ஏறி, பன்னிரண்டு விதமான சத்தங்களைப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். அந்த அம்மாவின் பிடிவாதம் தீயணைப்புக்கு உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. நாற்பத்திரண்டு செயல்முறைகள் எழுதி முடித்தார்கள். அதில் பதினேழாவது, ஆட்கள் மாட்டிக்கொண்டால் மீட்பது. ஒன்பதாவது படி, சாவியால் வெளிப்பூட்டைத் திறக்கவும். பத்தாவது படி, கதவைத் திறக்கவும்.

"அவ்வளவுதானா சார்? வேற ஏதாவது உண்டா?" என்று மேடம் கேட்டார்.

தீயணைப்பு தன் இடது முட்டியைப் பார்த்தார். "அவ்வளவுதான்" என்றார்.

பொய்தான். ஆனால் அவர் நிலையில் இருந்து பாருங்கள். இருபத்தாறு வருஷத்தை நாற்பத்திரண்டு தாளில் எழுதி வாங்கிக்கொண்டுவிட்டால், அப்புறம் இந்த மனிதன் எதற்கு என்று யாராவது கேட்க மாட்டார்களா? அவருக்குப் பயம். ஒரு முட்டியையாவது மிச்சம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

உண்மையான மதிப்பீட்டு வாரம் வந்தது. மதிப்பீட்டாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூன்று நாள் தீயணைப்பு கம்பெனிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. போனில்கூட யாருக்கும் ஒரு வார்த்தை உதவக் கூடாது. உதவியது தெரிந்தால் மூன்றாம் லெவல் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. லெவல் மேடம் நேரில் வீட்டுக்கு வந்து அவருடைய போனை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். மனைவி அதை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் நாள் வீட்டில் இருந்த மின்விசிறிகளையெல்லாம் கழற்றித் துடைத்தார். இரண்டாம் நாள் சமையலறை அலமாரியில் எது அடிக்கடி தேவை, எது எப்போதாவது தேவை என்று யோசித்து எல்லா டப்பாக்களையும் இடம் மாற்றினார். வேலை முடிந்து வந்த மனைவி உப்பைத் தேடி அரை மணி நேரம் அலைந்தாள்.

"நல்லா லெவல் மூணுல இருந்த வீடுங்க இது. ரெண்டே நாள்ல ஒண்ணுக்குக் கொண்டுவந்துட்டீங்க" என்றாள். "நாளைக்கு உங்க அக்கா வீட்டுக்காவது போயிட்டு வாங்க."

அக்கா ஐந்தாவது மாடியில் குடியிருந்தாள். அந்தக் கட்டடத்தில் ஓடியது இவர் கம்பெனியின் பழைய மாடல் லிஃப்ட். மூன்றாம் நாள் காலை அக்கா கொடுத்த காப்பியைக் குடித்தும் குடிக்காமலும், "கொஞ்சம் நடந்துட்டு வரேன்க்கா" என்று கிளம்பினார். நடக்கவில்லை. லிஃப்டில் ஏறிக் கீழே போனார், மேலே வந்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு சின்னக் கோளாறாவது தட்டுப்படாதா என்று இருந்தது அவருக்கு. கோளாறு வந்தால்தானே இவர்கள் திண்டாடுவார்கள், திண்டாடினால்தானே இவரைத் தேடுவார்கள்! எட்டு முறை ஏறி இறங்கினார். ஒன்பதாவது முறை, மூன்றாவது மாடிக்கு ஒரு சாண் கீழே, லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. "ஏழாம் நம்பர் சத்தம்" என்று வாய்விட்டே சொன்னார். கை தானாகப் பையில் போனைத் தேடியது, தன்னையே கூப்பிடுவதற்கு. போன் பீரோவில் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வேறு வழியில்லாமல் சுவரில் இருந்த அபாய மணியை அழுத்தினார். கீழே காவலாளி, யாரோ ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று கம்பெனிக்குச் சொன்னார்.

இருபது நிமிஷத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். மேலே மெஷின் ரூமில் காலடிச் சத்தம் கேட்டது. குரல்களை வைத்தே ஆட்கள் யாரென்று தெரிந்தது. ஒருவர் எப்போதும் தொப்பியோடு திரிகிற மூத்த மெக்கானிக். இன்னொருவர், இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஒன்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிற பெண் மெக்கானிக். கூடவே மூன்றாவது குரல் ஒன்று. மதிப்பீட்டாளர்! நேரில் பார்க்க நல்ல சந்தர்ப்பம் என்று அவரும் ஏறி வந்திருந்தார். தீயணைப்பு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தான் என்று தெரிந்தால் எல்லாம் போச்சு.

பதினேழாவது செயல்முறையைத் தொப்பிக்காரர் உரக்கப் படித்தார், பெண் மெக்கானிக் செய்தார். மெயின் சுவிட்ச் ஆஃப். சரி பார்த்தாச்சு. பிரேக்கை விட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றினார்கள். லிஃப்ட் மெல்ல மெல்ல மேலே நகர்ந்து, மூன்றாவது மாடிக்குச் சமமாக வந்து நின்றது. தீயணைப்பு உள்ளே சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. அவர் எழுதியது அப்படியே நடந்தது. பெருமையாகவும் இருந்தது, யாரோ சட்டையைக் கழற்றுவது மாதிரியும் இருந்தது.

மூவரும் இறங்கிக் கதவுக்கு வெளியே வந்தார்கள். "ஒன்பது. சாவியால் வெளிப்பூட்டைத் திறக்கவும்." திறந்தார்கள். "பத்து. கதவைத் திறக்கவும்."

கதவு சிக்கிக்கொண்டது.

ஒருமுறை இழுத்தார்கள். வரவில்லை. தீயணைப்புக்கு வியர்த்தது. சும்மா இருந்தால், அவர் எழுதிய தாள் உதவாது, அவர்தான் வேண்டும் என்று ஊருக்கே தெரியும். ஆறு வாரமாக அவர் ஆசைப்பட்டது இதுதானே! ஆனால் மெஷின் ரூம் மெஷின் ரூமாகத் தன்னோடு ஏறிய அந்த அம்மாவின் முகமும், வெளியே நிற்கிற இந்த இரண்டு பேரின் முகமும் ஞாபகம் வந்து தொலைத்தன. ஆஸ்பத்திரி வேலை கைவிட்டுப் போனால் இவர்கள் பிழைப்பும் ஆட்டம் காணும். லெவலாவது ஒன்றாவது, இரண்டு நல்ல மெக்கானிக்குகளை எதற்கு அவமானப்படுத்துவது?

"முட்டி!" என்று கத்தினார். "இடது முட்டியால அழுத்துங்க!"

அவர் "மு" என்னும்போதே கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. முதலில் கண்ணில் பட்டது, கதவோடு அழுந்தியிருந்த பெண் மெக்கானிக்கின் இடது முட்டி. நீலச் சீருடையில் வட்டமாகக் கறுப்புக் கிரீஸ். புதுக் கறை இல்லை. துவைத்துத் துவைத்து மங்கிய பழைய கறை.

யாரும் பேசுவதற்குள் மேல்மாடிப் படியில் அக்கா மூச்சு வாங்க இறங்கி வந்தாள். "அடேய் தம்பி, நீயா மாட்டிக்கிட்டே? நடக்கப் போறேன்னியேடா! இவன் லிஃப்ட் கம்பெனியிலதாங்க இருக்கான், இவனே மாட்டிக்கிட்டான் பாருங்க!"

மதிப்பீட்டாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நீங்கதானா அந்தச் செயல்முறை?"

தீயணைப்பு தலையாட்டினார்.

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே கதவு திறந்துடுச்சு. அதனால இது உதவியில சேராது" என்றார் மதிப்பீட்டாளர். பிறகு தொப்பிக்காரர் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். பத்தாவது படிக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தது: "சிக்கினால், இடது முட்டியால் கீழே அழுத்திக்கொண்டு இழுக்கவும்". மதிப்பீட்டாளர் முகம் சுளித்தார். "திருத்தத்துக்குத் தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சின்னக் குறை ஒண்ணு எழுதிக்கறேன். மத்தபடி மூணு." அந்த முகத்தில் அன்றுதான் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது.

அவர் போனபிறகு தீயணைப்பு மெதுவாகக் கேட்டார். "இது எப்பத்திலேர்ந்து தெரியும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆறு வருஷம் இருக்கும் சார்" என்றார் பெண் மெக்கானிக். "எப்பப் பாத்தாலும் உங்க பேண்ட்ல இடது முட்டியில மட்டும் கிரீஸ். முட்டியை வச்சுப் பாத்தோம், வந்துடுச்சு. தாள்ல எழுத மறந்துட்டீங்கன்னு நாங்களே சேத்துக்கிட்டோம்."

"அப்புறம் ஆறு வருஷமா எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க? சுவிட்சைப் பாத்துட்டு வாங்கன்னா எதுக்குப் போனீங்க?"

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. "ரெண்டு நாள் கூப்பிடலைன்னா உங்க முகமே வாடிப் போயிடுது சார். பாக்க முடியல. அதான்."

தீயணைப்பு அவர்களைக் கீழே அழைத்துப் போனார். இரண்டு பேருக்கும் முனைக்கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். கூட பிஸ்கட்டும்.

சாயங்காலம் வீட்டில் மனைவி துவைக்கிற துணியை வாங்கிக்கொண்டாள். பேண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, முட்டி சுத்தமா இருக்கு? அக்கா வீட்டு லிஃப்ட் நின்னுடுச்சுன்னு சொன்னாங்களே, வேலை நடக்கலையா?"

"நல்லா நடந்துச்சு" என்றார். "நான் உள்ள இருந்தேன்."

அவள் பீரோவைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் குலுக்கிப் பார்க்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு, கடற்கரை ஊருக்கு ரெண்டு சீட்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.