சட்டைப் பையில் இருந்த காந்தம்

கதிரேசன் மச்சானுக்கு மறதி நோய் எதுவும் இல்லை. அன்று ஹந்தானை மலையில் வழியைக் கெடுத்தவன் நான்! கெடுத்தது தெரிந்தும் பழியை அவர் தலையில் போட்டவனும் நான்தான்.

என்னை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சாக்கைத் தோளில் போட்டுப் பழைய இரும்பு பொறுக்கியவன். இன்று சொந்த லொறி, மாடி வீடு. எவன் தயவும் எனக்கு இல்லை... சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் காந்தத்தைத் தவிர! பித்தளை என்று சொல்லி முலாம் பூசிய இரும்பை என்னிடம் எவனும் விற்றதில்லை. காந்தம் ஒட்டினால் இரும்பு. அவ்வளவுதான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகுதான் அவருக்கு மலை ஏறும் ஆசை வந்தது. போனைப் பார்த்து நடப்பது நடையா, வரைபடமும் திசைகாட்டியும் போதும் என்றார். வரைபடத்தை அவர் வாங்கினார். திசைகாட்டியை நான் வாங்கினேன், கடையில் இருந்ததிலேயே விலை கூடியதாக! அதனாலேயே அதை அவர் கையில் கொடுக்கவில்லை.

அன்று மலை உச்சியில் இருந்தபோது மூடுபனி இறங்கியது. எதிரே நின்ற ஆளே மங்கலாகத்தான் தெரிந்தார். நாங்கள் இறங்க வேண்டிய கண்டி நகரம் வடக்கே. நான் திசைகாட்டியை நெஞ்சருகே பிடித்து வடக்கைச் சொல்ல வேண்டும். அவர் வரைபடத்தைப் பார்த்துப் பாதையைச் சொல்ல வேண்டும். ஊசி இடப்பக்கம் காட்டியது. திரும்பி நடந்தோம். சற்றுத் தூரம் போய்ப் பார்த்தேன். மறுபடியும் இடப்பக்கம்.

“மச்சான், இப்பதானே இடப்பக்கம் திரும்பினோம்? திரும்பவும் அதே பக்கமா? அங்கிட்டுப் பள்ளம்னு மேப்புல இருக்கே!” என்றார் அவர்.

“ஊசி பொய் சொல்லுமா? மேப்பைத் தலைகீழா புடிச்சிருக்கீங்களான்னு பாருங்க! ஆபீஸ்ல பைல் புரட்டுற மாதிரின்னு நெனச்சீங்களா?”

அவர் சிரித்தார். பிறகு உண்மையாகவே வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார்... “சரி, நீங்க சொன்னா சரி” என்று முன்னால் நடந்தார்.

ஈரப் புல். சரிவு. அவர் கத்தியது மட்டும்தான் கேட்டது.

நானும் சறுக்கிக்கொண்டே இறங்கினேன். வலியில் கண்ணை மூடிக் கிடந்தார். தூக்கக் குனிந்தபோது காந்தம் பையிலிருந்து நழுவிப் புல்லில் உருண்டது. திசைகாட்டி என் கையில் இருந்தது. ஊசி நடுங்கியது, சுழன்றது, வேறு பக்கம் போய் நின்றது!

இரும்பிலேயே பிழைத்தவன் நான். காந்தத்துக்குப் பக்கத்தில் அந்த ஊசி என்ன செய்யும் என்று எனக்கா தெரியாது?

முதலில் எதை எடுத்தேன் என்று கேளுங்கள். காந்தத்தை! பிறகுதான் மச்சானை.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்து தூக்கிச் சென்றார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் மகள் சுதா அழுதுகொண்டே கேட்டாள்.

“எப்படி மாமா வழி தவறிச்சு?”

“அப்பா மேப்பைப் பிழையா பார்த்துட்டாரும்மா. வயசு...”

வயசு! அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மறதி தொடங்கிவிட்டது என்று வீடு முடிவு கட்டியது. எலும்பு சேர்ந்து, தடியூன்றி நடக்கத் தொடங்கிய பிறகும் அவரைத் தனியே கேற்றைத் தாண்ட விடுவதில்லை. கோயிலுக்குப் போனாலும் துணைக்கு ஆள். அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? அவரே அதை நம்பிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தார். “மச்சான், அந்தக் காம்பஸைக் கொஞ்சம் கொண்டு வாங்களேன். ஒருக்கா பார்க்கணும்.”

அவருக்கு என்ன சந்தேகம் வந்ததோ... புறப்படுமுன் காந்தத்தைப் பையிலிருந்து எடுத்துக் கடை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். தெரிந்தே செய்தேன். ஒரு தடவை அவர் மேல் பழி போட்டது போதாதா எனக்கு?

முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அதே வரைபடம். அதன் மேல் திசைகாட்டியை வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். ஊசி வடக்கை விட்டு அசையவில்லை. எதிரே ஹந்தானை தெளிவாகத் தெரிந்தது. நெடுநேரம் ஊசியையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரியாத்தான் காட்டுது மச்சான். அப்ப நான்தான் பிழை... அன்னைக்கு உங்களையும் சேர்த்துக் கொன்னிருப்பேன். மன்னிச்சிருங்க.”

வரைபடத்தை மடித்து என்னிடமே நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

சுதா தேத்தண்ணி கொண்டுவந்தாள். “சீனி போதுமா மாமா?”

“போதும்மா” என்றேன். வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு குடித்தேன்.