கடைசிப் பக்கத்தார்

பதிப்பகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'கடைசிப் பக்கத்தார்'. வருகிற கதைகளைப் படித்து, அச்சேற்றலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கான மர்மக் கதையென்றால் நேராக அவர் மேஜைக்குத்தான் வரும்.

மகா புத்திசாலி. கதைத் தாள்கட்டைக் கையில் எடுத்ததும் கடைசித் தாளைத்தான் முதலில் படிப்பார். அப்புறம் ஆரம்பத்திலிருந்து சாவகாசமாகப் படித்து, "குற்றவாளி யாரென்று தொடக்கத்திலேயே ஊகிக்க முடிகிறது" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். ஊகிக்க முடியாமல் பின்னே என்ன! இப்படிப் பதினோரு கதைகள்.

அந்தப் பதினோராவதை வேறொரு பதிப்பகம் போட்டது. பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டார்.

"சார், இது பன்னிரண்டாவது. இதையும் கோட்டை விட்டீங்கன்னா வீட்டிலேயே இருந்துக்குங்க. திங்கக்கிழமை அறிக்கை வேணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் கட்டைப் பிரித்து, வழக்கம்போலக் கடைசித் தாளுக்குப் போனார். பாதி வாக்கியத்தில் கதை நின்றது. இருபது தாளைக் காணோம்.

"நான்தாம்பா எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் மகள். பதினைந்து வயது, நேற்றே படித்து முடித்துவிட்டாளாம். "ஆரம்பத்திலேருந்து படி. யாருன்னு சொல்லு, தரேன்."

"வேலை போயிடும்டி!"

"அதுக்குத்தான் சொல்றேன்."

"குடுத்துடாதே," என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உங்கப்பாவுக்குத்தான் எல்லாம் மொதல்லயே தெரிஞ்சிடுமே!"

வேறு வழியில்லாமல் படித்தார். பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி திருட்டுப் போகிறது. ஒரு மாணவி தேடுகிறாள்.

"காவலாளி!" என்றார் பத்து மணிக்கு.

"இல்ல."

"தலைமையாசிரியை!" என்றார் மத்தியானம்.

"ஐயோ அப்பா!"

சாப்பாடு ஆறிப்போனது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில், "சத்தியமா தெரியலடி, குடுத்துடு," என்று கையேந்தினார். தாள்கள் வந்தன. கூடவே தேடி அலைந்த தோழிதான் திருடி! தலையில் அடித்துக்கொண்டார்.

அறிக்கை இப்படிப் போனது: 'அச்சேற்றலாம். ஊகிக்க முடியவில்லை. கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே பிரிக்க முடியாதபடி ஒட்டி விற்கவும். முடிவை முதலில் படித்துவிட்டு எழுதியவரைக் குறைசொல்லும் வாசகர்கள் சிலர் உண்டு.'

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சார் அந்தச் சிலர்?"

அவர் கூரையைப் பார்த்தார்.

பதின்மூன்றாவது கட்டு அவர் பக்கம் நகர்ந்து வந்தது. அதற்குமுன் முதலாளியம்மா அதன் கடைசி இருபது தாளை உருவி, இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.